பஸ் தள்ளிய பெண்களுக்கு வெந்நீர்

இன்று மத்தியானம் விராலிமலைக்கு முன்னால் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் எங்கள் பஸ் மேடு ஏறாமல் நின்றுவிட்டது. "எல்லாரும் இறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர். ஆண்களோடு சேர்ந்து நானும் அக்காவும் தள்ளினோம்.

மேட்டுக் கடையில் ஆண்களுக்குப் பானையிலிருந்து சில்லென்று தண்ணீர். எங்களுக்கு அடுப்பிலிருந்து வெந்நீர்!

அக்காவுக்குத் தலை சுற்றியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பானைத் தண்ணி ஊத்துங்கண்ணே" என்று கெஞ்சினாள்.

"வேர்த்து வந்த பொம்பளைக குளுந்த தண்ணி குடிச்சா ஜன்னி வந்துரும் ஆத்தா" என்றார் கடைக்காரர். "சூடாக் குடி. நல்லா வேர்க்கும். வேர்த்தா ஒடம்பு தானாக் குளுந்துரும்."

"ஆம்பளைகளும் எங்களோடதானே தள்ளுனாக?" என்றாள் அக்கா.

"அவுக ஒடம்பு வேற."

வண்டியைத் தொட்டுக்கூடத் தள்ளாத டிரைவர், பானைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

வெளியாட்களிடம் எனக்குப் பேச வராது. பேசாமலே டிரைவரின் தம்ளரை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். என் வெந்நீரை அவர் முன்னால் வைத்தேன். அக்கா மடமடவென்று குடித்து நிமிர்ந்தாள்.

"ஏ பிள்ளை, இந்த வெயில்ல இதை மனுசன் குடிப்பானா?" என்று டிரைவர் கத்தினார்.

கடைக்காரர் ஓடிவந்து அவருக்கு மறுபடியும் பானையில் மொண்டு கொடுத்தார்.

ஜன்னி ஆள் பார்த்துத்தான் வருகிறது. உங்கள் பக்கம் அது யார் யாரைப் பிடிக்கிறது, சொல்லுங்கள்.