ஏகாம்பரம் நனைத்துப் பார்த்த லைஃப் ஜாக்கெட்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா அம்மா தொலைபேசியில் அழைத்தார். "சார், அவரு போய்ட்டாரு" என்றார். எப்போது, எங்கே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். முப்பத்திரண்டு வருட நிருபர் வேலையில் துக்கச் செய்திக்கும் எனக்கு முதலில் வாயில் வருவது கேள்விதான். ஆறரை மணிக்கு, வீட்டுப் பின்புறம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, தான் மட்டும்தான் இருந்ததாக அவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "நம்பிக்கை இல்லன்னா நேர்ல வந்து பாத்துக்கோங்க" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். அப்படிக் குத்திச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அது எப்படி வந்தது என்பதை ஏகாம்பரத்தைத் தெரிந்த உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆம்பூரில் பாதிப் பேருக்கு அவர் ஏகாம்பரம் இல்லை, "கியூசி". ஷூ கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் குவாலிட்டி கன்ட்ரோலில் தரம் பார்த்தவர். குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அந்த வேலையின் வழக்கம். ஓய்வுபெற்ற பிறகும் அந்த ஸ்டிக்கர் தாள் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஓட்டல் விலைப் பலகையில் ஒட்டுவார். உங்களில் சிலருக்கு நீங்கள் கொடுத்த கல்யாணப் பத்திரிகையையே அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

என்னிடம் அவர் வந்ததும் ஓர் அம்போடுதான். ஒன்றரை வருடத்துக்கு முன், மார்கழியில், ஊரை ஒட்டிய ஏரியில் படகுச் சவாரி தொடங்கியிருந்தது. மிதிபடகுகள் சில, மோட்டார் படகு ஒன்று. தொடக்க விழாவைப் பற்றி நான் எழுதிய செய்தியில், 'அனைவருக்கும் லைஃப் ஜாக்கெட் வழங்கப்படுகிறது' என்று ஒரு வரி. அந்த வரியில் அம்பு ஒட்டிய தாளை என் மேசைமேல் வைத்தார்.

"நீங்க போட்டுப் பாத்தீங்களா சார்?"

"இல்லை. வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்."

"தொங்குச்சுன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். மிதக்கும்னு யாரு சொன்னது?"

மிதக்கும் என்று நான் எழுதவில்லை என்றேன். படிக்கிறவன் அப்படித்தான் படிப்பான் என்றார். மறுநாள் பதினோரு மணிக்குத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார்.

போனேன். முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு நிற ஜாக்கெட் கிடந்தது. ஏரியில் சவாரி போய்விட்டு, கழற்ற மறந்ததுபோல் அப்படியே போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறி வந்துவிட்டாராம். "கண்டக்டர் இன்னா பெரியவரே, வெள்ளமான்னு கேட்டான்" என்றார். சிரிக்கவில்லை. ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டையில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொட்டியில் போட்டார். பதினொன்று இருபதுக்குப் போட்டது மிதந்தது. பன்னிரண்டுக்கு முன்பக்கம் முங்கி, கழுத்துப் பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. பன்னிரண்டே காலுக்குத் தொட்டியின் அடியில் கிடந்தது. வெளியே எடுத்துப் பிழிந்தார். துணி துவைத்ததுபோல் தண்ணீர் கொட்டியது.

"இது மிதக்குற ஃபோம் இல்ல சார். ஷூவுல நாக்கு இருக்குதில்ல, அதுக்குள்ள மெத்துன்னு வைக்கிற ஸ்பாஞ்சு. கட்டைவிரலால அழுத்துனாலே எனக்குத் தெரிஞ்சிடும். தண்ணியப் பாத்தா குடிச்சிக்கிட்டே இருக்கும்."

உள்நாட்டு நீர்நிலைகளில் உல்லாசப் படகுகளுக்கான மாநில விதிகளைத் திருத்தும் வரைவு அப்போதுதான் வெளியாகி, மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். அதை அச்செடுத்து வைத்திருந்தார். பயணிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக, தர முத்திரை லேபிள் உள்ள ஜாக்கெட்டுகள் இருக்க வேண்டும் என்ற வரியின்மேல் மூன்று அம்புகள். "லேபிள் இருந்தா போதுமா? எந்த நாட்டு லேபிளும் நம்ம ஊர்ல தைப்பாங்க சார்" என்றார். அவர் எழுதியிருந்த மனுவில் கேட்டது ஒன்றே ஒன்று. ஜாக்கெட்டில் எடையைக் கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட வேண்டும். அதற்குப் பிறகும் மிதந்தால்தான் ஆளுக்கு மாட்ட வேண்டும். இதை விதியிலேயே எழுத வேண்டும்.

நல்ல செய்தி. அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஆனால் இதை எங்கே தைத்தார்கள் என்று கேட்டபோது அவர் பதில் மாறியது. "இந்தப் பக்கம்தான்" என்றார். எந்தப் பட்டறை என்றேன். "அது வேணாம் சார். ஃபோமைப் பத்தி எழுதுங்க." பேசும்போதே அவருடைய உள்ளங்கை ஜாக்கெட்டின் தோள் தையலை மறைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். குறையைத் தேடித் தேடி அம்பு ஒட்டுகிறவர் ஓரிடத்தை மறைக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

படகுக் குத்தகைதாரர் தயாளனிடம் கேட்டேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "கியூசியா? அவரு மச்சான் இந்தக் குத்தகைக்கு மனு போட்டு கெடைக்காம போனவன். அதைக் கேட்டீங்களா? என் ஜாக்கெட்டைத் திருடிக்கினு போய் என் மேலயே பிராது. நல்லா இருக்குது ஞாயம்." விசாரித்தேன். மச்சான் மனுப் போட்டது உண்மைதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தயாளன் வாங்கிய ஜாக்கெட் எப்படிப்பட்டது என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஏகாம்பரம் யாருக்காக இதைச் செய்கிறார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். பட்டறையின் பெயரைச் சொன்னால்தான் எழுதுவேன் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் சொல்லவில்லை. மூன்று வாரம் செய்தி என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அந்த மூன்று வாரத்துக்கு நடுவில் காணும் பொங்கல் வந்தது. மதியம் ஏரிக்குப் போனேன். பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடி என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாகப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். படகுத்துறையின் முனையில் ஏகாம்பரம் நின்றிருந்தார். தோளில் காற்றடைத்த லாரி ட்யூப். அதில் ஒரு கயிறு. காலை எட்டு மணியிலிருந்து நிற்பதாக டிக்கெட் கிழிப்பவர் சொன்னார்.

"இன்னா தாத்தா, நீச்சல் கத்துக்கப் போறியா?" என்று படகிலிருந்து ஓர் இளைஞன் கத்தினான்.

"நீ விழு, கத்துக்குடுக்கறேன்" என்றார். பிறகு அவன் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்து, "குழந்தைய மடிமேல வெச்சிக்கம்மா. அந்தச் சட்டைய நம்பாத, பேஜாராய்டும்" என்றார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. இது மச்சானுக்காக ஆடும் நாடகம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "நீங்க எழுதியிருந்தா நான் வீட்ல உட்காந்து கரும்பு கடிச்சிக்கிட்டு இருப்பேன்." மாலை ஆறு மணிக்குக் கடைசிப் படகு கரை சேரும்வரை அவர் நகரவில்லை. அன்று யாரும் தண்ணீரில் விழவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நிம்மதி வருவதில்லை. விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால் ஒரு லாரி ட்யூப்தான் துணை. அந்த ஏரியில் இது என் ஒருவனுக்காவது தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் வேலூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஓர் அதிகாரி வரைவைப் படித்தார். படகு நடத்துபவர்கள், சில மீனவர்கள், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எனச் சுமார் நாற்பது பேர். ஏகாம்பரம் எழுந்து தன் மனுவைப் படித்தார். தொட்டியில் நடந்ததை நிமிடக் கணக்கோடு சொன்னார். அவர் உட்காருவதற்குள் தயாளன் எழுந்தார்.

"ஐயா, இவ்ளோ சொல்றாரே, அந்த ஜாக்கெட்டை யாரு தச்சாங்கன்னு இவரைக் கேளுங்க. எனக்கு அதை வித்த ஏஜென்டை நேத்துதான் புடிச்சி விசாரிச்சேன். சொல்லுய்யா கியூசி. வாயைத் தெற."

ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் சந்தேகம் உறுதியானதுபோல் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

பின்வரிசையிலிருந்து சரோஜா அம்மா எழுந்தார்.

"நான்தான் தச்சேன்" என்றார். "நானும் எங்க தெருப் பொம்பளைங்களும். ஷூ மேல்பாகம் தைக்க வீட்டுக்குக் குடுக்கற அதே ஏஜென்ட்தான் இதையும் குடுத்தாரு. இன்னாத்துக்குன்னு கேட்டோம். ஸ்கூல் பை மாதிரி ஒண்ணுன்னாரு. உள்ள இருக்கறது மிதக்கணும்னு எங்களுக்கு யாரு சொன்னா? ஏரியில இவரு அதைக் கையில எடுத்தப்பவே தோள் தையலைப் பாத்து என் தையல்னு தெரிஞ்சிக்கிட்டாரு. ஒரு மாசமா வீட்ல எங்கூட சரியா பேசல. வெளியிலயும் சொல்லல."

அதிகாரி ஏகாம்பரத்தைப் பார்த்து, "அப்படியென்றால் தவறு உங்கள் வீட்டிலும் இருக்கிறதே?" என்று கேட்டார். ஏகாம்பரம் நிமிர்ந்தார். ஷூ கம்பெனியில் மேசைக்கு முன்னால் நின்று பேசிய குரல் அப்போதுதான் திரும்பி வந்தது.

"தொட்டியிலேர்ந்து எடுத்தப்போ தையல் ஒண்ணுகூடப் பிரியல ஐயா. எழுதிக்கோங்க. தையல் பாஸ். ஃபோம் ரிஜெக்ட்."

யாரோ கைதட்டினார்கள். சரோஜா அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை வீட்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

மூவரும் ஒரே பேருந்தில் திரும்பினோம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எழுதுவீங்க. அது உங்க வேலை. எழுதுனா ஏஜென்ட் தப்பிச்சிப்பான், பேரு கெடறது எங்க தெருப் பொம்பளைங்களுக்கு" என்றார். பேருந்து பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பிறகு சொன்னது இது: "என்னைச் சந்தேகப்பட்டதுல தப்பில்ல சார். நானும் சந்தேகத்துலயே பொழப்பு ஓட்டுனவன்தான். ஆனா நான் சந்தேகம் வந்தா தண்ணில போட்டுப் பாப்பேன். நீங்க இழுப்பறைல போட்டீங்க."

மறுநாள் செய்தி வந்தது. பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு சரோஜா அம்மா, "முழுப் பேரையும் போடுங்க" என்றார். போட்டேன். அதன்பின் ஆறு மாதம் அந்த ஏஜென்ட் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. தெருவில் மற்றப் பெண்களுக்குக் கொடுத்தார். அதில் இரண்டு பேர் வாங்க மறுத்தார்கள் என்பதையும் இங்கே எழுத வேண்டும். ஏரியில் பழைய ஜாக்கெட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைத் தொங்கவிட்டார்கள். பளபளவென்று லேபிள் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் தயாளன், "எல்லாம் ஸ்டாண்டர்டு சார்" என்கிறார்.

திருத்திய விதிகள் இன்னும் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏகாம்பரம் மாதம் ஒரு முறை, முதல் திங்கள்கிழமை, அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்த் தன் மனுவின் எண்ணைச் சொல்லிக் கேட்டு வந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒவ்வொரு முறையும் பதில். நனைத்துப் பார்க்கும் வரியைச் சேர்க்காமல் 'அவ்வப்போது ஆய்வு செய்யப்படும்' என்று எழுதப்போகிறார்கள் என அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கும் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்தபோது சரோஜா அம்மா அருகில் வந்தார். "மனு அவரு பேர்ல இருக்குது. ஆளு இல்லன்னா ஃபைலைக் கட்டி வெச்சிடுவாங்களாம். நான் கேட்டா, தச்சவளே வந்து கேக்கறியான்னு சிரிக்கறாங்க. இனிமே அதை யாரு சார் கேக்கறது?" என்றார். என்னைக் குறிப்பாகப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

நிருபர் செய்தி எழுதலாம், மனு எழுதக் கூடாது என்பது நான் இத்தனை வருடமும் விடாமல் பிடித்திருந்த கொள்கை. மனுதாரர் ஆனால் ஒரு பக்கம் சேர்ந்ததாகிவிடும், பிறகு நம் எழுத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்று இளையவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். சென்ற திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏகாம்பரத்தின் மனுவை ஓர் எழுத்தும் மாற்றாமல் பெயர்த்தெழுதி, கீழே என் பெயரைப் போட்டு அதே அலுவலகத்தில் கொடுத்தேன். ரசீது கொடுத்த எழுத்தர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க பிரஸ்ஸாச்சே சார், எந்த வகையில சம்பந்தம்?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"மனுதாரர்" என்றேன். ஏகாம்பரத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்தான்.