இளஞ்சிவப்பு அலகு

பைனாகுலர் கழுத்தில் ஏறியதும் எனக்கு மேதாவித்தனமும் ஏறிவிடும். அன்று காலை இண்டூர்ப் பக்கத்து ஏரியில் தண்ணீரோரமாக இரண்டு சாம்பல் வாத்துகள் நின்றன. குட்டைக் கழுத்து வாத்தல்ல, ஆளைக் கண்டால் கழுத்தை நீட்டிச் சீறுகிற பெரிய சாதி. அதில் இரண்டு கிளையினம் உண்டு. அலகு ஆரஞ்சு என்றால் மேற்கத்தியது, இளஞ்சிவப்பு என்றால் கிழக்கத்தியது. இவற்றுக்கு இளஞ்சிவப்பு. சைபீரியாவிலிருந்து என்னைத் தேடித்தான் வந்திருக்கின்றன என்று முடிவுகட்டிவிட்டேன்.

அப்போது ஓர் அக்கா கோலோடு கரையிறங்கி வந்தார்.

"கிட்டப் போகாதீங்கக்கா."

"எங்க வூட்டு வாத்துங்க சார். படல் தொறந்து கெடந்துச்சு, வந்துருச்சுங்க."

தமிழில் குட்டைக்கும் நெட்டைக்கும் வாத்து என்று ஒரே பேர். அவர் சொல்வது குட்டை வாத்தை என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

"உங்க வாத்து வேறக்கா. இது வெளிநாட்டுப் பறவை. தொட்டா ஃபாரஸ்ட்டுல கேஸ் போட்டுருவாங்க."

அவர் என் காக்கித் தொப்பியைப் பார்த்தார். திரும்பிக் கரையேறிப் போனார்.

படத்தைப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். மதியம் ஒரு பெரியவர் கேட்டிருந்தார்: "வயிறு தரையத் தொடுதே தம்பி, பறந்து வந்துச்சா, உருண்டு வந்துச்சா? இது வீட்ல வளக்கறது."

அலகைப் பார்த்தவன் வயிற்றைப் பார்க்கவில்லை. வீட்டிலேயே தின்று வளர்ந்த வயிறு எப்படித் தொங்கும் என்று குனிந்து என்னுடையதைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஏரிக்கு ஓடினேன். கரையில் இறகுகள் சிதறிக் கிடந்தன, நாயின் கால்தடத்தோடு. ஒரு வாத்துதான் மிச்சம், தண்ணீருக்கு நடுவில். விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"தப்பு என்னுதுங்கக்கா. அது உங்க வாத்துதான். ஒன்ன நாய்..."

"பாத்தங்க சார். ரோட்டு மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் பார்வை மறுபடி என் தொப்பிக்குப் போனது.

"இன்னொன்ன ஓட்டியாரலாங்களா சார்? கேஸ் ஒன்னும் ஆவாதுங்களே?"

"ஆகாதுங்கக்கா. நானே ஓட்டிட்டு வர்றேன்."

"உங்களுக்கு வராதுங்க சார், கொத்தும்," என்று கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் போனேன். ஏரி வரும்வரை அவர் என்னைச் சார் என்றே கூப்பிட்டார்.