ஷிப்ட் மாறும் நேரம்

தாடிக்கொம்பு சாலையில் இருக்கும் அந்த நூற்பாலையில் ரோசலினைத் தெரியாதவர் கிடையாது. வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம்.

ஆடி மாதம் அந்தப் பக்கம் வறண்ட காற்று சுழற்றி அடிக்கும். ஆலைக்குள் ஈரம் குறைந்தால் இழை சடசடவென்று அறும். காற்று எழும்புமுன்பே தண்ணீர் தெளிக்கும் குழாயின் திருகைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்தால் இழை நிற்கும் என்பதைப் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டவள் ரோசலின்தான். காலை ஷிப்டில் தன்னோடு நிற்கும் பெண்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: வீட்டுக்குப் போகும்போது திருகைப் பழையபடி குறைத்துவிட வேண்டும், மதிய ஷிப்ட்காரிகளிடம் மூச்சு விடக்கூடாது. எந்த ஷிப்டில் நூல் அதிகம் என்று வாசல் பலகையில் எழுதுவார்கள். மூன்று வருடமாக ஆடியில் காலை ஷிப்ட்தான் முதலிடம். நிர்வாகமும் எவர்சில்வர் குடம் கொடுத்து, தெரியாமலே இந்தக் கள்ளத்தனத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஆடியில் அவளையே மதிய ஷிப்டுக்கு மேஸ்திரியாகப் போட்டார்கள். ஒரு மாதம் பார்ப்பார்கள்; சரிப்படாவிட்டால் பழைய வேலைதான். அவள் வந்ததும் வராததுமாகத் திருகைத் திறந்தாலும் ஈரம் பரவ நேரமாகும். அதற்குள் பாதி இழை அறுந்து கிடக்கும். முதல் வாரமே பலகையில் கடைசி.

பொறுக்க முடியாமல் ஒருநாள், வேலை முடிந்து கிளம்பிய பழைய கூட்டாளி நாகஜோதியை வழிமறித்தாள்.

"ஏண்டி, அந்தத் திருக அப்படியே விட்டுட்டுப் போனா கொறஞ்சா போயிருவ?"

"நீங்கதானக்கா கொறைக்கச் சொன்னீங்க."

அந்தப் பேச்சில் குத்தலே இல்லை. அதனால்தான் ரோசலினுக்குச் சுருக்கென்றது.

நாகஜோதியைக் கெஞ்சிக் கூத்தாடிக் காரியத்தை முடித்திருக்கலாம். ஆனால் தானும் நாளைக்கு இரவு ஷிப்டுக்கு இதையேதான் செய்வோம் என்று தோன்றியதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. நேரே மேனேஜர் ஈஸ்வரனிடம் போனாள்.

"சார், நாங்க மொதல்ல வந்ததெல்லாம் திருகு விஷயத்த மறைச்சு வச்சு வந்தது."

ஈஸ்வரன் முகம் சிவந்தது. பரிசு கொடுத்தது தான்தானே என்று நினைத்தாரோ என்னவோ, அப்புறம் தணிந்தார். மறுநாளிலிருந்து, போகிற ஷிப்டும் வருகிற ஷிப்டும் செத்த நேரம் மெஷின் பக்கத்தில் சேர்ந்து நின்று, எது எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றார்.

பஸ் போய்விடும் என்று முணுமுணுத்தார்கள். நாகஜோதி சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் திருகு விஷயம் வெளியே வந்ததும் இரவு ஷிப்ட் லூர்தம்மாள் தன் பங்குக்கு ஒன்றை அவிழ்த்தாள். மூலை மெஷினின் ரோலரில் பஞ்சு ஏன் சுற்றுகிறது என்று அவர்களுக்கு எப்போதோ தெரியுமாம். ஒவ்வொரு ஷிப்டும் ஆளுக்கொன்றை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, ஆலையைத் திண்டாட விட்டிருக்கிறது!

மாதம் முடிந்தது. பலகையில் மதிய ஷிப்ட் அப்போதும் கடைசிதான், கொஞ்ச வித்தியாசத்தில். ரோசலின் ஈஸ்வரன் முன்னால் போய் நின்றாள்.

"கடைசிதான் சார். நான் பழைய வேலைக்கே போறேன்."

"எத்தனாவதுன்னு மட்டும் பாத்தீங்களாக்கும்? எம்புட்டுன்னு பாக்கலையா?" என்றார் அவர். "போன ஆடியில மொதல்ல வந்தவங்களை விட, இப்பக் கடைசியில நிக்கிற நீங்க ஜாஸ்திம்மா. போயி ஷிப்டப் பாருங்க."