அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் நடுவே

ஜிந்துப்பிட்டி சாந்தகுமார் அதிகம் பேசாதவன். வேன் ஓட்டுகிறவனுக்கு அது நல்ல குணமா கெட்ட குணமா என்று சொல்வது கடினம். கொச்சிக்கடை வேன் தரிப்பிடத்தில் அவனோடு நிற்கும் பௌஸி, "வாயத் தொறந்தா டீசல் முடிஞ்சி போகும்னு நெனச்சிட்டு ஈக்கான் இவன்" என்று புது ஆட்களிடம் சொல்லுவான். சாந்தகுமார் சிரிப்பதோடு சரி.

வெள்ளவத்தையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலோர வீதியால் காலிக்கும் மாத்தறைக்கும் போய் வருவது அவன் தொழில். அதிவேகப் பாதை திறந்தபோது இந்த ஓட்டம் படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை. ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குக் கடல் வேண்டும். மொரட்டுவை தாண்டியதும் கண்ணாடியை இறக்குவார்கள். பெந்தொட்டைப் பாலத்தில் படம் எடுப்பார்கள். அம்பலாங்கொடையில் தேநீர் குடிப்பார்கள்.

தேநீர் முடிந்ததும் சாந்தகுமார் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஒன்றை டாஷ்போர்டில் எடுத்து வைப்பான். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால், சீனிகமவில், வீதியோரமாக, சிங்களவர்கள் தெய்யோ என்று கும்பிடும் சாமிக்கு ஒரு கோயில் இருக்கிறது. அந்த வீதியில் ஓடும் சாரதிகள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், வண்டியை ஓரங்கட்டி அந்த உண்டியலில் குற்றி போடாமல் போவதில்லை.

அந்தக் குற்றியால்தான் அவனுக்கு விஷயம் தெரிய வந்தது.

அம்பலாங்கொடைச் சந்தியில் கியர் மாற்றியது நினைவிருக்கும். அடுத்து நினைவில் இருப்பது ஹிக்கடுவைக் கடைத்தெரு. நடுவில் இருந்த வீதி இல்லை. முதலில் அவன் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. பழகிய வீதியில் யாருக்கும் இப்படி நடக்கும். மனம் எங்கோ போயிருக்கும், கை ஓட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஒருநாள் டாஷ்போர்டைப் பார்த்தான். குற்றி இல்லை. வளைவில் கை தானாகத் திருப்பும், பிரேக்கும் பிடிக்கும். வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், உண்டியலில் போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து ஏறுமா?

அதன் பிறகு வெள்ளவத்தை யோகராஜ் மாஸ்டர் குடும்பத்தைக் கூட்டிப்போனான். காலியில் இறங்கும்போது மாஸ்டரின் மனைவி கேட்டார்:

"என்ன தம்பி, அவ்வளவு நேரமும் கலகலவெண்டு கதைச்சுக்கொண்டு வந்தீங்கள், இப்ப மூச்சே இல்லை? ஓம், உங்கட தம்பியார் இப்ப சுகமாய் இருக்கிறாரோ?"

"எந்தத் தம்பிங்க?"

"பகிடி விடாதேங்கோ. முதல் தரம் கடலைக் கண்டு, இந்தத் தண்ணி ஏன் வாறதும் போறதுமா நிக்குது, யாரைத் தேடுதெண்டு அழுதவர் எண்டு சொன்னீங்களே."

சாந்தகுமார் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அடுத்த ஓட்டத்தில் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டுப் போனான். இரவு வீட்டில் போட்டுக் கேட்டான். காற்று, ஒரு பஸ்ஸின் ஹோர்ன், பின்சீட்டில் யாரோ இருமும் சத்தம். பிறகு அவனுடைய குரலே, அருகில், மெதுவாக, "வேணாம்" என்றது. அத்தோடு பதிவு நின்றிருந்தது.

அன்றுதான் மனைவி பாக்கியலெட்சுமியிடம் சொன்னான்.

"சுனாமி அடிச்ச பக்கம் தானேங்க அது" என்றாள்.

"அடிச்சப்ப நான் இங்க தூங்கிக்கிட்டு இருந்தேன். அங்க எனக்கு யாரு இருந்தா?"

அவனுக்கு, பேய் என்று யாராவது உறுதியாகச் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அவன் இல்லாத நேரத்தில் வண்டி ஓடுகிறது. ஒருநாள் எதிரே லொறி வந்தால் யார் பிரேக் பிடிப்பார்?

பாக்கியம் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். கலியாணம் முடித்த நாளில் இருந்து காலிக் கோட்டை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

"அம்பலாங்கொட தாண்டி நான் பேச ஆரம்பிச்சேன்னா கையப் புடிச்சி உலுக்கு. ஹிக்கடுவையில, நடந்துச்சா இல்லையான்னு உண்மையச் சொல்லு. நடந்துச்சுன்னு சொன்னியோ, சாவியப் பௌஸிகிட்டக் குடுத்துருவேன். அதுக்கப்புறம் இந்த வண்டிய நான் தொடமாட்டேன்."

"சரிங்க."

"சத்தியமா?"

"அதான் சரின்னு சொல்றேன்ல. இதுவே நீங்க ஒரு மாசத்துல பேசுற பேச்சு."

அவள் முன்சீட்டில் இடப்பக்கம் இருந்தாள். கடல் வலப்பக்கம். கடலைப் பார்க்க அவள் அவன் முகத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அம்பலாங்கொடையில் தேநீர் குடித்தார்கள். அவன் குற்றியை எடுத்து வைத்தான். வெயில் நன்றாக ஏறியிருந்தது. சந்தியில் கியர் மாற்றினான்.

ஹிக்கடுவைக் கடைத்தெருவில், மிதவை வளையங்கள் தொங்கும் ஒரு கடைக்கு முன்னால் வண்டி நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் குற்றி இல்லை.

திரும்பிப் பார்த்தான். பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதவளின் முகமாக அது இல்லை. வயிறு வலிக்கச் சிரித்து அப்போதுதான் ஓய்ந்தவள் போல மூச்சு வாங்கினாள். அவனோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததை அவன் கண்டதில்லை. அவளுடைய காதுக்குப் பின்னால் ஒரு அரளிப் பூ இருந்தது. அம்பலாங்கொடையில் அது இல்லை.

"நடந்துச்சா?"

அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"பாக்கியம், உன்னத்தான் கேக்குறேன்."

"இல்லைங்க. சும்மாதான் ஓட்டிக்கிட்டு வந்தீங்க. நல்லாத்தான் ஓட்டுனீங்க."

"குற்றி எங்க?"

"போட்டீங்களே."

"பூ?"

அவள் கையை உயர்த்திப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

சாவியில் இருந்த அவனுடைய கை அப்படியே இருந்தது. நடந்தது என்று அவள் சொல்லியிருந்தால் எஞ்சினை நிறுத்தியிருப்பான். பௌஸிக்கு அழைத்திருப்பான். இருவரும் பஸ்ஸில் வீடு போயிருப்பார்கள். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான், அவள் இல்லை என்றாள். பொய் என்று தெரிந்தும் அதை எதைக்கொண்டு மறுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அங்கே இருந்தது அவள்தான். அவன் இருக்கவில்லை.

"சரி, காலிக்குப் போவோம்" என்றான்.

"காலி இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாங்க." குரல் கெஞ்சியது. "வந்த வழியே அம்பலாங்கொடைக்கு ஒருக்காத் திரும்பிப் போவோமா?"

அவன் பதில் சொல்லும் முன்பே அவள் கைப்பையைத் திறந்து, ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைத் தேடி எடுத்து, அவன் வைக்கும் அதே இடத்தில் வைத்தாள். பிறகு சீட்டில் அவன் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.