மாடியை விட்டு இறங்காத ஜனாதிபதி மனைவி

சுவிஸின் லோசான் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் அமெரிக்கத் தம்பதி இருந்தார்கள். கணவர் இந்தப் பக்கத்து ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றில் நெடுங்காலம் சரித்திரம் படிப்பித்த வாத்தியார். மனைவி வீட்டோடு இருந்தவர். இருவருக்கும் பிரெஞ்சு சரியாக வராது. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் பழக்கிய ஆங்கிலம் என்னிடம் இருந்ததால் அவர்களுடைய அறை என் தலையில் விழுந்தது.

வாத்தியாருக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிராது. ஆனால் ஒரு ஜனாதிபதியின் கதை மட்டும் அவருக்குள் அழியாமல் கிடந்தது. அமெரிக்கர்களே மறந்துவிட்ட ஜனாதிபதி. நான் அவருக்கு மேல் கழுவி உடுப்பு மாற்றும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார்.

அந்த ஜனாதிபதியின் மனைவிக்கு அரசியல் என்றாலே பிடிக்காது. கணவரை வேட்பாளராக்கிய செய்தி வந்தபோது மயங்கி விழுந்தாளாம். தான் அந்தப் பதவியைத் தேடிப் போகவில்லை என்று அவர் அவளிடம் சொன்னது பொய். இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள். பதவியேற்கச் சில வாரங்கள் இருக்கும்போது ரயில் தடம் புரண்டு மிஞ்சிய ஒரே மகனும் அவர்கள் கண் முன்னால் செத்தான். தாய்க்கும் தகப்பனுக்கும் பெரிய காயமில்லை. கணவரின் பதவிக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாதென்று கடவுள் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று அவள் நம்பினாள். வெள்ளை மாளிகைக்குப் போனபின் நெடுநாள் மாடியை விட்டு இறங்காமல், செத்த மகனுக்குக் கடிதம் எழுதினாள். பதவி முடிந்து இருவரும் இந்தச் சுவிஸுக்கும் வந்தார்கள்; இறந்தவர்களின் தலைமயிரை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கொண்டு திரிந்தாளாம்.

வகுப்பில் நிற்பவர்போல வாத்தியார் உற்சாகமாகச் சொல்லி முடிப்பார். யன்னலோரம் இருக்கும் மனைவி அதற்காகவே காத்திருப்பாள்.

"நன்றாகச் சொன்னீர்கள். எங்கள் மகனுக்கு என்ன நடந்தது?"

வாத்தியார் முழிப்பார். "அவன் இன்னும் பள்ளிக்கூடத்தால் வரவில்லையா?"

"அவன் செத்துவிட்டான். காரை ஓட்டியது நீங்கள்."

அவர் அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல அழுவார். அவருக்கு அது அப்போதுதான். சவர்க்கார நுரை காயாத முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டு உடல் குலுங்க அழுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார். மறுநாள் காலையில் அவள் திரும்பவும் கேட்பாள்.

என்னோடு வேலை செய்த எங்கள் ஊர் அக்கா ஒருத்தியிடம் சொன்னேன். "மனுசன் ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பிழைக்குதக்கா."

"அவையின்ர வீட்டுக் கதைக்குள்ள நீ தலையைக் குடுக்காதை," என்றாள் அக்கா. "நாங்கள் துடைச்சுப்போட்டுப் போற ஆக்கள்."

நான் அக்காவின் சொல்லைக் கேட்கவில்லை. ஒரு நாள் மகன் வரவில்லையா என்று அவர் கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். "பஸ் பிந்துதாம். வந்துவிடுவான்." அவர் முகம் மலர்ந்தது. அன்று மாலையே அவள் மேலிடத்தில் முறைப்பாடு வைத்தாள். மன்னிப்புக் கேட்கும்படி என்னை அனுப்பினார்கள்.

"உன் மன்னிப்பு எனக்கெதற்கு?" என்றாள். "பிள்ளையைப் புதைத்த அடுத்த கிழமையே இந்த மனிதர் வகுப்புக்குப் போனார். யாரோ ஒரு ஜனாதிபதியின் மகன் செத்ததைப் படிப்பித்தார். நான் வீட்டில் அவன் சப்பாத்துகளோடு இருந்தேன். இப்போது மறந்துவிட்டுப் போகப் பார்க்கிறார். விடமாட்டேன்."



குளிர் முடிந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கியபோது வாத்தியாருக்கு ஜனாதிபதியும் மறந்துபோனார். நான் மேல் கழுவுகையில் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து எதிரே போட்டு, அந்தக் கதையைத் தானே சொன்னாள். மயக்கம், ரயில், பிள்ளை, ஒன்றையும் விடவில்லை. அவர் கவனமாகக் கேட்டார்.

"எங்கள் மகனும் அப்படித்தான் போனான்," என்றாள்.

அவர் அவளுடைய கையை மரியாதையாகத் தொட்டார். "உங்களுக்குப் பிள்ளை இருந்ததா, மேடம்? மிகவும் வருந்துகிறேன்."

அவள் அவர் கன்னத்தில் அறைந்தாள். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். "நீ சொல்லு! உனக்குத் தெரியுமே, நீ சொல்லு அவருக்கு!" என்று என் சட்டையை உலுக்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் அடி விழுந்தது என்று தெரியாமல் வாத்தியார் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவளைக் கீழ்த்தளத்தில் தனி அறைக்கு மாற்றினார்கள். அவர் அவளைத் தேடவில்லை. சில நாட்கள் கழித்து லிஃப்டில் என்னைக் கண்டதும் கேட்டாள்.

"அழுகிறாரா?"

"இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்," என்றேன்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.