வராமலே முடிக்கிற பி.எட்.

பி.எட். படிப்பின் மேல் எனக்கு ஒரு நாளும் மரியாதை இருந்ததில்லை. மைசூரில் நான் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு ஆண்டுதோறும் பயிற்சி ஆசிரியர்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கையில் சுருட்டிய சார்ட், தெர்மாகோலில் செய்த எரிமலை, இஸ்திரி கலையாத உடுப்பு. அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போட அவர்களுடைய கல்லூரியிலிருந்து ஒருவர் வருவார். அன்று காலையிலேயே எங்களில் நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் இந்தக் கேள்வி கேட்டால் நீ இந்தப் பதிலைச் சொல்லு ராஜா என்று கன்னடத்தில் கெஞ்சுவார்கள். நாங்களும் சொல்வோம். வந்தவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போய்விடுவார். வாத்தியார் வேஷம் கட்டுவதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம் என்று அந்த வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

அதனால், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து என் மனைவி பி.எட். சேரப் போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவள் கொள்ளேகால் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். கணிதத்தில் பட்டம் வாங்கியவள். நான் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவரின் மகன், காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. எங்கள் வீட்டுத் தமிழில் கன்னடம் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் பேச்சில் மட்டும் கொங்கு வாடை இன்றுவரை போகவில்லை.

"ஸும்னே எதுக்கு இதெல்லாம்? பி.எட். இல்லாமத்தான் அஞ்சு மாசம் பாடம் நடத்தினியே?" என்றேன்.

எங்கள் தெருக்கோடிப் பள்ளியில் ஓர் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனபோது எட்டாம் வகுப்புக் கணக்கை இவள் அஞ்சு மாதம் பார்த்துக்கொண்டாள். அதைத்தான் சொன்னேன்.

"நடத்துனதாலதானுங்க போகோணும்கறேன்" என்றாள். "ஒரு புள்ள கேட்டுச்சு, பின்னத்தைப் பின்னத்தால வகுக்கறப்ப ஏன் மிஸ் தலைகீழாத் திருப்பிப் பெருக்கறோம்னு. எனக்குச் சொல்லத் தெரியிலீங்க. அது அப்படித்தான், போட்டுப் பழகுன்னு சொல்லிப்போட்டேன். அந்தப் புள்ள தலையாட்டுச்சு. புரிஞ்சு ஆட்டுச்சுன்னா நெனைக்கறீங்க? என்னைப் பாத்துப் பாவப்பட்டு ஆட்டுச்சுங்க. எனக்குக் கணக்குப் போடத் தெரியும், சொல்லிக்குடுக்கத் தெரியாது. அதைப் படிக்கோணும். ரெண்டு வருசம் தெனமும் போய் உக்காந்து படிக்கோணும்."

எட்டாவது படிக்கும் பெண் தலையாட்டியதற்கு ரெண்டு வருஷமா? எனக்கு எரிச்சலாக வந்தது. அவளோ அந்த நிமிஷத்திலிருந்து காரியத்தில் இறங்கிவிட்டாள். அரசு ஒதுக்கீட்டில் மைசூரிலேயே ஒரு நல்ல கல்லூரி வேண்டும் என்று தேடினாள். எங்கே பேராசிரியர்கள் உண்மையிலேயே வகுப்புக்கு வருகிறார்கள் என்று படித்து முடித்தவர்களிடம் போன் போட்டு விசாரித்தாள். கணிதமும் இயற்பியலும் தன் பாடங்கள் என்று விண்ணப்பத்தில் நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மாதிரிப் படிப்புக்கு இவ்வளவு அலப்பறையா என்று வாய்க்கு வந்தபடி கேலி செய்துகொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் அலுவலகத்தில் ஒருவருடைய மைத்துனி ஏற்கெனவே பி.எட். முடித்திருந்தாள். கல்லூரி வாசலை மிதித்தது மொத்தமே பரீட்சைக்குத்தான். இங்கே அதற்குப் பெயரே உண்டு, நான்-அட்டெண்டிங். ரெகுலரா, நான்-அட்டெண்டிங்கா என்று காபியா டீயா என்பது போலச் சாதாரணமாகக் கேட்பார்கள். சாமராஜநகர் தாண்டி ஒரு கல்லூரி, அதன் செயலாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்றார் அவர். ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போனேன்.

கல்யாண மண்டபத்துக்கு மேல் மாடிதான் கல்லூரி. வகுப்பறையில் நாற்காலிகளின் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. கரும்பலகை மேல் சாக்பீஸ் பட்ட சுவடே கிடையாது. நூலக அலமாரிக்குப் பூட்டு, பூட்டுக்குத் துரு. செயலாளர் நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறையச் சிரிப்புமாக இருந்தார். மேடம் வரவே வேண்டாம், பாடக்குறிப்பு நோட்டுகூட எங்கள் ஆளே எழுதிக் கொடுத்துவிடுவார், ஏனூ தொந்தரே இல்லா சார் என்றார். அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் மனசுக்குள் ஒரு திருப்தி. இந்தப் படிப்பைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் சரிதான் என்று இந்த ஆள் கண்முன்னே நிரூபிக்கிறாரே!

சீட்டை உறுதி செய்ய அவள் மார்க்ஸ் கார்டுகளின் ஒரிஜினல் வேண்டும் என்றார். அடுத்த வாரம் அவளுடைய பிளாஸ்டிக் உறையிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். உறைக்குள் கலர் ஜெராக்ஸை வைத்துவிட்டேன். அரசு ஒதுக்கீட்டில் அவளுக்கு எங்கே கிடைக்கப் போகிறது, கிடைக்காமல் அழும்போது இதை எடுத்து நீட்டிப் பேர் வாங்கலாம் என்பது என் மகா திட்டம். திருட்டு வேலைதான். அன்றைக்கு அதற்கு நான் வைத்திருந்த பெயர் உதவி.

அவளுக்குக் கிடைத்துவிட்டது. மைசூரிலேயே, அவள் முதலாவதாகக் கேட்டிருந்த கல்லூரியிலேயே. மூன்று நாளில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு வரச் சொல்லிச் செய்தி வந்தது. அவள் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

செயலாளருக்குப் போன் போட்டேன். அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போயிருக்கிறார், போனை எடுக்க மாட்டார் என்றது அலுவலகம். ஆய்வுக்குப் போகிறேன் என்று வீட்டில் புளுகிவிட்டுப் பஸ் ஏறினேன். கொள்ளேகாலில் பஸ் மாறும்போது மாமனார் வீட்டு ஆட்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று நாளிதழால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். இத்தனைக்கும் அது நேற்றைய நாளிதழ். மலையில் கூட்டத்துக்குள் தேடித் தேடி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன்.

"பெட்டக்கு பந்து ஆபீஸ் மாத்து பேடா சார்" என்றார். மலைக்கு வந்த இடத்தில் ஆபீஸ் பேச்சு கூடாதாம். ஆயிரம் பேரை வராமலே வாத்தியாராக்குகிற மனிதருக்கு அந்த ஒரு விஷயத்தில் அவ்வளவு ஆசாரம். நான் விடவில்லை. கடைசியில், ஒரிஜினலெல்லாம் அனுமதிக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, திரும்பி வர மாசக்கணக்காகும் என்று சொல்லிவிட்டுப் பிரசாதத்தை என் கையில் வைத்தார்.

அப்போதாவது வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. நல்ல கலர் ஜெராக்ஸ், யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். சரிபார்ப்பு நாளன்று அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நான் கூடப் போனேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் முதல் மார்க்ஸ் கார்டைக் கையில் வாங்கினார், கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். இது ஜெராக்ஸ், ஒரிஜினல் எங்கேம்மா என்று கன்னடத்தில் கேட்டார். அவள் உறைக்குள் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தாள். உடனே தெரிந்துகொண்டாள். மாலைக்குள் கொண்டுவந்தால் சரி, இல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அந்த அம்மாள் சொன்னதற்கு, "போகட்டுமுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

படியில் இறங்கும்போது கேட்டாள். "எங்க குடுத்தீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மொட்டை உட்பட.

"அங்க கிளாஸ் இருக்குதுங்களா?"

"நீ போகவே வேண்டியதில்ல. அதுக்குத்தானே..."

"கிளாஸ் இருக்குதுங்களான்னு கேட்டேன்."

"ரூம் இருக்கு" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை சாமராஜநகர் ரயிலுக்குக் கிளம்பினாள். டிபன் டப்பா, இரண்டு நோட்டு, தண்ணீர் பாட்டில். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். செவ்வாயும் போனாள், புதனும் போனாள். அங்கே யாருமே இல்லையே, என்னதான் செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"நீங்க சேத்துவுட்ட காலேஜ்தானுங்க. நான் போறேன்" என்றாள்.

இப்படி மூன்று வாரம் ஓடியது. ஒரு மத்தியானம் செயலாளர் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். குரலில் பழைய தேன் இல்லை.

"சார், உங்க மிசஸ் தினமும் வர்றாங்க."

"தெரியும்."

"ஒண்டியா வந்து உக்காந்துக்கறாங்க சார். நாற்காலி பிளாஸ்டிக்கையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டாங்க. லெக்சரர் எப்ப வருவார்னு என்கிட்டயே கேக்கறாங்க. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். இன்னிக்கு ஹாஜரி ரிஜிஸ்டரை எடுத்துப் பாத்துட்டாங்க. ஆரம்பத்துலேருந்து எல்லாருக்கும் போடற மாதிரி அவங்களுக்கும் ப்ரெசென்ட் போட்டிருந்தோம். அவங்க வராத நாளையெல்லாம் ஆப்சென்ட்னு திருத்தியே ஆகணும்கறாங்க."

"திருத்திட வேண்டியதுதானே."

"திருத்தினா ஹாஜரி குறைஞ்சு பரீட்சை எழுத முடியாமப் போகும் சார். அதையும் சொன்னேன். மிச்ச நாள் ஒண்ணு விடாம வந்து சரிக்கட்டறேன், நீங்க பாடம் நடத்த ஆள் பிடிங்கன்னு உக்காந்திருக்காங்க. ஆளுக்கு நான் எங்க சார் போவேன்? நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

இந்த மூன்று வாரத்தில் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்பதைத் தவிர அவளாக வந்து என்னிடம் எதுவும் பேசவில்லை என்பதை அந்த ஆளிடம் நான் எப்படிச் சொல்வேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. அவள் என்னை மனுஷனாகவே மதிக்கவில்லை, அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது.

"திருத்திடுங்க" என்றேன். "அவ நாளைக்கும் வருவா. ஆளைப் பிடிங்க."