நாத்தனார் கொண்டுவந்த செடி

லென்ஸ் அக்கா என்று அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம், கழுத்தில் எந்நேரமும் தொங்கிய பூதக்கண்ணாடிதான். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். டாக்டர் பல்லை ராவும்போது பக்கத்தில் நின்று எச்சிலை உறிஞ்சி எடுப்பது, கருவிகளைக் கழுவி அவித்து அடுக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து நடுங்குகிறவர்களிடம் "ஒண்ணுமே தெரியாதுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று கூசாமல் பொய் சொல்வது, எல்லாம் அவள் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் அதே கண்ணாடியோடு பின்னறைக்குள் நுழைந்துவிடுவாள். "அங்கேயும் நோயாளிங்கதான். என்ன, வாயைத் திறக்கச் சொல்ல முடியாது" என்பான் அவள் கணவன். அவன் லிப்ட் மெக்கானிக்.

பின்னறையில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. சுவரோரம் இரும்பு அலமாரி, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே ட்யூப்லைட், அதன் கீழே தொட்டி தொட்டியாக ஆப்பிரிக்க வயலட். உள்ளங்கையில் அடங்கும் தொட்டி, பூனைக் காது மாதிரி மயிரடர்ந்த இலை, நடுவில் கொத்தாகப் பூ. பார்க்கத்தான் சாது. இதைப் போல மூக்கின்மேல் கோபம் வைத்திருக்கும் செடி வேறு கிடையாது. இலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தழும்பு விழும். நடுக்குருத்தில் ஈரம் தங்கினால் அழுகும். அதனால் ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு திரியைச் செருகி, கீழே இருக்கும் டப்பாவிலிருந்து தானாக உறிஞ்சிக் குடிக்கும்படி வைத்திருந்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒன்றின் பெயர் சக்கரம். வெள்ளை இதழ், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதாக் கோடு. பூ விரிந்தால் சுழலும் சக்கரம்தான். சாதாரண வயலட் என்றால் ஒரு இலையைக் கிள்ளி நட்டால் போதும், அச்சு அசலாக அதே செடி வந்துவிடும். இந்தக் கோடு போட்ட ஜாதிக்கு அந்த வழி அடைப்பு. இலையை நட்டால் செடி வரும், கோடு வராது. அடியில் முளைக்கும் பக்கக் கன்றை எடுத்து வைத்தால்தான் உண்டு. நம் ஆள் என்ன செய்தாள்? செடி தட்டு மாதிரி வட்டமாக இருக்க வேண்டும் என்று, முளைத்த பக்கக் கன்றையெல்லாம் பல் குத்தும் கருவியால் நோண்டி எறிந்துகொண்டே வந்தாள். அழகுப் பைத்தியம். அதனால் உலகத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சக்கரம். அதற்கு ஏதாவது ஆனால் ஆனதுதான்.

வயலட் வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதுச் செடி எது வந்தாலும், கூடப்பிறந்தவள் கொடுத்ததே ஆனாலும், முதலில் வேறு அறையில் தனியாக வைப்பார்கள். பூச்சி புழு இல்லை என்று தெளிந்த பிறகுதான் மற்றதோடு சேர்ப்பார்கள். அவர்களுக்குள் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவள் நாத்தனார் வயலட் வளர்ப்பவர்களில் சேர்த்தி இல்லை. சமையலறை ஜன்னலில் ஒரே ஒரு தொட்டி வைத்திருந்தவர்.

நாத்தனார் என்றால் கணவனின் மூத்த அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருந்து, பகல் முழுக்க அந்தத் தொட்டியோடு பேசிப் பழகிவிட்டவர். முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், அதுவரைக்கும் தம்பி வீட்டில் இருக்கலாம் என்று ஒரு கையில் பெட்டியும் மறு கையில் செடியுமாக வந்து இறங்கினார்.

"வாங்க அண்ணி" என்று வாங்கிய கையோடு, லென்ஸ் அக்கா தொட்டியைக் குளியலறைப் பக்கம் கொண்டுபோனாள்.

"எங்க எடுத்துட்டுப் போறே?"

"கொஞ்ச நாள் தனியா வச்சுப் பாப்பேன் அண்ணி. எல்லாச் செடிக்கும் அப்படித்தான்."

"ஏன், என் செடிக்கு என்ன சொறியா, சிரங்கா?"

கணவன் சட்டென்று செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து இந்த இருவருக்கும் நடுவில் நின்று பழகியவன், எப்போது காணாமல் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நாத்தனாரே செடியை வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னறைக்குப் போனார். "இந்தா, இங்க இடம் இருக்கே" என்று மேல்தட்டில் வைத்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில். இலையோடு இலை உரச.

ஆபரேஷனுக்குப் போகிற மனுஷியிடம் செடிக்காக மல்லுக்கட்டுவதா? போகட்டும், போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று லென்ஸ் அக்கா மென்று விழுங்கினாள். ஆனால் நாத்தனார் காலையும் மாலையும் போய்ப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வந்தார். இம்மி நகர்த்த முடியவில்லை. கடைசியில் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போனபோது, அந்த இரண்டு செடிகளும் நன்றாக ஒட்டி உறவாடி முடித்திருந்தன.

கண்ணாடியில் முதலில் பட்டது நாத்தனார் செடிதான். நடுக்குருத்து விரியாமல் முஷ்டி மாதிரி மடங்கி, சாம்பல் பூத்து, தொட்டால் ஒடிகிற பதத்தில் இருந்தது. சிலந்திப்பேன். கண்ணுக்கே தெரியாத பூச்சி, குருத்துக்குள் புகுந்துகொண்டு உறிஞ்சும். கண்ணாடியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பினாள். அதன் நடு இலை ஒன்றும் ஓரம் சுருண்டிருந்தது.

"ரெண்டையும் பையில கட்டிக் குப்பையில போட்டுடணும். அதான் முறை" என்றாள் கணவனிடம். "இல்லேன்னா மொத்த அலமாரியும் போயிடும்."

"அக்கா செடியையா?" அவன் முகம் வெளிறியது. "திரும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்க என்னைக்கு என்ன சொல்லியிருக்கீங்க? நான்தானே சொல்லணும்."

இரண்டையும் குளியலறைக்கு மாற்றி மருந்து அடித்துப் பார்த்தாள். பூச்சி அசையவில்லை. இன்னொரு வழி அவளுக்குத் தெரியும். செடியை நாற்பத்து மூன்று டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் முழுதாக அமுக்கி வைத்தால் பூச்சி சாகும், செடி பிழைக்கும். சூடு கொஞ்சம் குறைந்தால் பூச்சி பிழைக்கும். கொஞ்சம் ஏறினால் செடி கீரையாகிவிடும். கிளினிக்கில் பல்செட்டுக்கு மெழுகு இளக்குகிற வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. வைத்த சூட்டில் அப்படியே நிற்கும்.

டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு சாதாரண நீல வயலட்டை முதலில் வைத்துப் பார்த்தாள். அது பிழைத்தது. அடுத்து இந்த இரண்டு. வெந்நீர்த் தொட்டியில் ஒன்றுக்குத்தான் இடம், டாக்டர் வருவதற்குள் ஒரு தடவைதான் முடியும். எதை முதலில்?

சக்கரம் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அதைப் பையில் போட்டுத் துணி சுற்றிக்கூட விட்டாள். பிறகு நாத்தனார் செடியின் குருத்தை இன்னொரு தரம் பார்த்தாள். அது தாங்காது, நாளைக்கு என்றால் நாளைக்கு இருக்காது. சக்கரத்துக்கு ஓர் இலைதான் சுருண்டிருக்கிறது. சபித்துக்கொண்டேதான் மாற்றி எடுத்துப்போனாள். நாத்தனார்மேல் பாசம் பொங்கி ஒன்றும் இல்லை. யாரிடமும் பதில் சொல்லி நிற்கக் கூடாது என்ற வீம்பு.

செடித் தொட்டியை நெகிழித்தாளில் சுற்றி, மண் சிந்தாமல் கட்டி, நாத்தனார் செடியைத் தலைகீழாக அமுக்கிப் பிடித்தாள். வாசல் மணி சிணுங்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. காரியம் முடிந்து துடைத்து வைத்துவிட்டாள். ஆனால் மறுநாள் டாக்டர் மெழுகை எடுத்தபோது அதில் ஒரு துளி மண்ணும், மயிர் முளைத்த இலைத் துணுக்கும் ஒட்டியிருந்தன. கையும் களவுமாக.

"அம்மா, இது ஆளுங்க வாய்க்குள்ள போற சாமான்" என்றார் டாக்டர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இன்னொரு தடவை இப்படி நடந்தா நீங்க வரவேண்டாம்."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால் இன்னும் வலித்தது.

அதற்குள் சக்கரத்தின் குருத்தும் மடங்கத் தொடங்கியிருந்தது. ஆக, வீட்டு அடுப்பு. விடுமுறை நாள், கணவன் எங்கோ லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கப் போயிருந்தான். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அடுப்பு சிறு தீயில், ஒரு கையில் வெப்பமானி, மறு கையில் தலைகீழாகச் சக்கரம். முள் ஏறினால் குளிர்ந்த தண்ணீர் ஒரு கரண்டி, இறங்கினால் தீயைச் சற்றுத் தூண்டுவாள். மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றாள். பாதிக்கு மேல் கடந்துவிட்டது. சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. நாத்தனார்.

எடுக்காமல் விட்டால் தம்பிக்கு அடிப்பார், தம்பி இவளுக்கு அடிப்பான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு "சொல்லுங்க அண்ணி" என்றாள்.

மறுபக்கத்தில் ஒரு விசும்பல் கேட்டது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நாத்தனார் அழுது அவள் கேட்டதில்லை. வீட்டுக்காரர் சாவிலேயே கல்லாக உட்கார்ந்திருந்தவர்.

"கால் மடங்கவே மாட்டேங்குது. இவங்கெல்லாம் வேலைக்குப் போயிடறாங்க. பாத்ரூம் போகக்கூடச் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு… இனிமே என் வீட்டுக்கே நான் போகமாட்டேன் போல இருக்கு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி. எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும்."

"பயமா இருக்குடி."

அவள் வெப்பமானியைக் கீழே வைத்தாள். போனை ஒழுங்காகக் கையில் பிடித்தாள். எப்போது செடியை விட்டாள், எப்போது கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நாத்தனார் அழுது, மூக்கைச் சிந்தி, மகளைப் பற்றிக் குறை சொல்லி, பிறகு அதற்காக மன்னிப்பும் கேட்டு, கடைசியில் "என் செடி எப்படி இருக்கு, அதைச் சொல்லு" என்றார்.

"நல்லா இருக்கு அண்ணி" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது.

ஓடினாள். பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சக்கரத்தைத் தூக்கினாள். இலைகள் கைக்குள்ளேயே குழைந்து வழிந்தன. ஒரு காம்பைக்கூட மீட்க முடியவில்லை. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் வந்து பார்த்து, வழக்கமான கேலி எதையும் சொல்லாமல் பாத்திரத்தைக் கழுவி வைத்தான்.

நாத்தனார் செடியின் நடுவிலிருந்து பச்சையாக, பட்டாணி அளவில் ஒரு புது இலை எட்டிப்பார்த்தது. தினமும் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பூச்சி தெரிந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சில நாள் அது செத்துத் தொலைந்தால்கூட நல்லது என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்காகக் கூடுதல் கவனத்தோடு திரியை மாற்றினாள். இலைகள் ஒவ்வொன்றாகத் தட்டையாக விரிந்தன. மொட்டுக்கூட வைத்தது.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாத்தனார் திரும்பி வந்த அன்று, நேராகப் பின்னறைக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டியை மடியில் வாங்கிக்கொண்டார். யாராக இருந்தாலும் முதலில் மொட்டைத்தான் பார்ப்பார்கள். அவர் மொட்டை விலக்கிவிட்டு நடுக்குருத்தைப் பார்த்தார்.

"பொழைச்சுக்கிச்சு" என்றார்.

லென்ஸ் அக்கா விடவில்லை. "பொழைச்சுக்கிச்சுன்னா? அதுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்னன்னு தெரியாது. நடுவுல சுருண்டுக்கிட்டே வந்துச்சு. உன் கையில விட்டா சரியாயிடும்னு தோணுச்சு."

"தெரிஞ்சேதான் கொண்டு வந்தீங்களா? தனியா வைக்கிறேன்னு சொன்னதுக்குச் சண்டைக்கு வந்தீங்களே அண்ணி!"

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பியா?"

கணவன் "அக்கா…" என்று ஏதோ ஆரம்பித்தான். லென்ஸ் அக்கா அவனைக் கையமர்த்தினாள். கோபத்தில் காது ஜிவ்வென்றது. வழக்கம்போல எதையாவது நயமாகச் சொல்லி மழுப்பலாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் ஒன்றுதான்.

"மாட்டேன்" என்றாள். "பையில கட்டிக் குப்பையில போட்டிருப்பேன்."

நாத்தனார் தலையாட்டினார். அவருக்கு அது முன்பே தெரிந்ததுதான். பிறகு மேல்தட்டைப் பார்த்தார். "அந்தக் கோடு போட்ட பூ எங்க?"

"செத்துப்போச்சு."

"எப்படி?"

"பூச்சி உங்களுதுலேர்ந்து அதுக்கும் வந்துச்சு. வெந்நீர்ல வச்சுக் காப்பாத்தலாம்னு அடுப்புகிட்ட நின்னேன். அப்ப நீங்க போன் பண்ணீங்க."

நாத்தனார் எந்தப் போன் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு ஞாபகம் வந்ததும் தெரிந்தது.

"அடுப்புல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கலாமேடி!"

"நீங்க அழுதுக்கிட்டிருந்தீங்களே அண்ணி" என்றாள் அவள். கோபமாகத்தான் சொன்னாள்.

நாத்தனார் செடியைத் தூக்கிக்கொண்டு கைத்தடியை ஊன்றி எழுந்தார். நொண்டி நொண்டித் தானே அதைக் குளியலறைப் பக்கம் கொண்டுபோனார்.